மல்லாந்து படுத்த கம்ப்யூட்டர்

சிவாஜிநகரில் ஒரு எக்ஸ்ரே சென்டரில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறாள் சொர்ணம். படம் எடுக்கும்முன் இடது, வலது என்று ஈயக்குறி வைப்பது அவள் பொறுப்பு. ஒருநாளும் மாற்றி வைத்ததில்லை. அப்படிப்பட்டவள்தான் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், ஜோகுபாளையத்து வீட்டின் சாப்பாட்டு மேசையில், தான் செய்த கம்ப்யூட்டர் பலகை முழுவதும் இடம் வலமாக மாறிக் கிடப்பதைக் கண்டாள்.

எண்பதுகளில் வந்த எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்று பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. வீட்டிலேயே கம்ப்யூட்டர் செய்துகொள்ளும் விதம் அதில் படத்தோடு போட்டிருந்தது. திரை கிடையாது. கொஞ்சம் பொத்தான்கள், சிவப்பாய் எரியும் ஆறு எண்கள், அவ்வளவுதான். எதற்கு இது என்று கேட்காதவர்கள் இல்லை.

"அந்த நேரத்துக்கு ரெண்டு பாவாடை தெச்சாலும் பிரயோஜனம்" என்றார் கணவர் அப்பாதுரை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

"நீங்க ஞாயித்துக்கெழமை முச்சூடும் கிரிக்கெட் பாக்கறீங்களே, அதுல எத்தன பாவாடை வந்துச்சு?"



சிப்களை இணைக்கும் செம்புக்கோடுகளின் படம் பத்திரிகையில் இருந்தது. அதை அச்செடுத்து, செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டவைத்தாள். கவிழ்த்தால் படம் இடம் வலமாக மாறிவிடும், அதனால் முதலிலேயே திருப்பி அச்செடுக்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் அதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் பார்த்துப் பார்த்துப் பெயிண்டால் வரைந்தார்கள், இஸ்திரிப் பெட்டி வித்தை யாருக்குத் தெரியும்? வேண்டாத செம்பு கரைய அமிலத்தில் ஊறவைத்து, சாயந்திரம் சாயந்திரமாக உட்கார்ந்து கையாலேயே துளைகள் போட்டு, சிப் உட்காரும் சாக்கெட்டுகளையெல்லாம் பற்றவைத்து முடித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. மறுநாள் காக்ஸ் டவுனில் பழைய கம்ப்யூட்டர் பிரியர்களின் கண்காட்சி. பெயர் கொடுத்தாயிற்று.

மகன் சுனில் ஐ.டி.யில் இருக்கிறான். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து வைத்தான். அதே படத்தைப் பார்த்து ஏதோ கம்பெனியில் அச்சு அசலாகச் செய்து விற்கும் பச்சைப் பலகை. அம்மா கஷ்டப்படுகிறாளே என்று அவன் முன்பே வாங்கியது. அவள் பிரிக்கக்கூட இல்லை.

"சாக்கெட்டுகூட போட்டே வந்திருக்குது ம்மா. சிப்ப சொருகு, அரை அவர்ல வேல முடிஞ்சிடும். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

"தப்பாயிடுச்சுன்னு ஒத்துக்க மாட்டியா?"

"ஒத்துக்கிட்டேனே. தப்புதான். என் தப்பு. அதுக்காக வேற ஒருத்தன் செஞ்சத என்னோடதுன்னு தூக்கிட்டுப் போவணுமா?"

வழி ஒன்றிருந்தது. பொத்தான்களும் எண்களும் கம்பியில் தனியாக இணைப்பவை, சிப்கள்தான் சிக்கல். சிப்பின் கால்களைப் பின்பக்கமாக மடக்கி, அதை மல்லாக்கப் படுக்கவைத்துச் சொருகினால் சிப்பும் இடம் வலமாகி, மாறிய கோடுகளோடு சரியாகப் பொருந்தும். ஆனால் கால்கள் மெல்லியவை, மடக்கும்போது ஒடியும். பெரிய சிப் ஒன்றுதான் இருந்தது, நாற்பது கால். எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரன், இனிமேல் இந்தச் சரக்கு வராது என்று சொல்லி விற்றது. அது கெட்டால் இந்தப் பலகையும் இல்லை, அந்தப் பச்சைப் பலகையும் இல்லை.

"யோசன பண்ணிக்கோ ம்மா" என்றான் சுனில்.

"பண்ணிட்டேன். நீ ஃபேன நிறுத்து."

மருமகள் லாவண்யாவின் புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொரு காலாக மடக்கினாள். அப்பாதுரை வேனிலிருந்து டார்ச் எடுத்துவந்து, யாரும் கேட்காமலே பிடித்துக்கொண்டு நின்றார். பாதிக்கு மேல் போயிருக்கும். டிக் என்று ஒன்று ஒடிந்தது.

"போச்சு" என்றான் சுனில்.

"வாய மூட்றா" என்றார் அப்பாதுரை.

சொர்ணம் ஒடிந்த அடிக்கட்டையைச் சுரண்டி, ஒரு துண்டுக் கம்பியை வைத்துப் பற்றவைத்தாள். மூச்சை விட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போனாள். எல்லாம் மல்லாந்து படுத்ததும் சிப்களின் பெயர்கள் அடியில் போய்விட்டன. லாவண்யாவின் நகப்பூச்சை வாங்கி ஒவ்வொன்றின் வயிற்றிலும் பெயர் எழுதினாள்.

சுவிட்சைப் போட்டாள். ஒன்றுமில்லை. ரீசெட் பொத்தானை அழுத்தினாள். ஆறு எண்களும் சிவப்பாக எரிந்தன.

"அட" என்றான் சுனில்.  பிறகு பச்சைப் பலகையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

காலையில் கண்காட்சிக்குக் கிளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் மூடியை அவன்தான் கொண்டுவந்து கொடுத்தான். "உள்ள பாத்தா சிரிப்பாங்க ம்மா. நம்பர் மட்டும் தெரிஞ்சா போதும்."

காக்ஸ் டவுன் ஹாலில் மேசை ஒதுக்கித் தந்தவர் கிரண் என்கிற அமைப்பாளர். மூடியின் ஓரம் வழியாக எட்டிப் பார்த்தார்.

"மேடம், இதென்னா, சிப்பெல்லாம் உல்ட்டாவா இருக்குது?"

"நான் போர்ட உல்ட்டாவா செஞ்சிட்டேன். அதான்."

"ரெடிமேட் போர்டே கிடைக்குதே, சும்மா எதுக்கு இவ்வளோ தொந்தரவு?"

"கெடைக்குது. வீட்டுல ஒண்ணு இருக்குது, வேணும்னா தரேன்."

அவர் சிரித்தார். "சரி, மூடி அப்படியே இருக்கட்டும் மேடம். பாக்க நீட்டா இருக்கும்."

நாலு பேர் மேசையருகே வந்து நின்றார்கள். சொர்ணம் பத்திரிகையில் கண்ட கணக்கை ஒவ்வொரு பொத்தானாகத் தட்டி முடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் ஏற ஆரம்பித்தன. பிறகு மூடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சிப்கள் நன்றாகத் தெரியும்படி பலகையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.