கணுக்கால் தண்ணி

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். போன கார்த்திகையில் காளீஸ்வரிக்கு நடந்தது. அவள் கால்நடை மருத்துவர். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால்கூடத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் நம்புவாள். ஒன்றை இரண்டாக்கிச் சொல்லத் தெரியாதவள். எந்த ஊர்த் தரைப்பாலம் என்பதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. இன்றைக்கும் அந்த வழியாக ஜனங்கள் போய்வருகிறார்கள்.

கீழச்சிவல்பட்டியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில், சேதுபதி என்பவருடைய பசு கன்று ஈன முடியாமல் கிடந்தது. காளீஸ்வரி காலை பதினொரு மணிக்கு அந்தத் தரைப்பாலத்தின் வழியாகத்தான் காரில் போனாள். அப்போது ரோடு நனைந்திருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மழை விடவே இல்லை. கன்றை வெளியே எடுத்து, இரண்டும் பிழைத்தன என்று ஆனபோது மணி நாலரை.

"கண்மாய் நெறஞ்சு மறுகால் போகுதாம் டாக்டரம்மா. இந்த மழையில எங்குட்டுப் போறீக? இருந்துட்டுக் காலையில போங்க" என்றார் சேதுபதி.

"வீட்ல தேடுவாக" என்றாள்.

அது பொய். காரைக்குடி வீட்டில் தேட யாரும் இல்லை. கணவர் இறந்து நாலு வருடம். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் இருக்கிறாள். பூட்டிய வீட்டுக்குத் திரும்புவது அவளுக்குப் பழகிவிட்டது. சேதுபதி வீட்டில் மூன்று பிள்ளைகள் அடுப்படியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு ராத்திரி படுத்திருப்பதுதான் முடியாது என்று தோன்றியது.

4.50க்குக் கிளம்பினாள். வழியில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. ஓரத்துக் கல் தெரிந்ததால் காரை இறக்கினாள். முதல் கியர். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. நடுவில் நிறுத்தவில்லை. தாண்டியதும் பிரேக்கை மூன்று தடவை மெல்ல மிதித்துப் பார்த்தாள். பிடித்தது.

5.12. தரைப்பாலம்.

இருட்டவில்லை. ஆனால் வெளிச்சமும் இல்லை. ரோடு தண்ணீருக்குள் இறங்கி, எதிர்ப்பக்கம் தூரத்தில் ஏறியது. நடுவில் செம்மண் கலர் ஓட்டம். ரோடு தெரியாவிட்டால் இறங்கக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். காரை நிறுத்தினாள்.

அப்போதுதான் பார்த்தாள். பாலத்தின் நடுவில் ஓர் ஆள் நின்றிருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. மடித்துவிட்ட பேன்ட். தண்ணீர் அவர் கணுக்காலைத்தான் தொட்டது.

"வாங்க... கணுக்கால் தண்ணிதான்."

கார்க் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. மேலே மழை தடதடவென்று அடித்தது. ஆனாலும் குரல் பக்கத்தில் பேசுவதுபோலக் கேட்டது. அது ஏன் அப்போதே உறைக்கவில்லை என்று இன்றும் கேட்டுக்கொள்கிறாள்.

"தனியாவா வாரீக?"

தலையாட்டினாள்.

"வீட்ல தேட ஆளில்லையோ?"

"இல்லை." வாய்விட்டே சொன்னாள். காருக்குள், தனியாக.

"அப்ப மெல்ல வாங்க. நான் நிக்கிறேன்ல."

நான் நிக்கிறேன்ல. இப்படி ஒரு வார்த்தையை யாராவது அவளிடம் சொல்லி எத்தனை நாள் இருக்கும்... கண் கலங்கிவிட்டது. ஹெட்லைட்டைப் போட்டாள். முதல் கியர். முன்சக்கரங்கள் தண்ணீரில் இறங்கின.

சளக்... சளக்...

வெளிச்சம் பாலத்தோரத்து அளவுத்தூணில் விழுந்தது. அடிக்கு ஒரு எண் எழுதிய தூண். ஒன்று இல்லை. இரண்டு இல்லை. மூன்று மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது.

மூன்றடி ஆழம்.

அவருக்குக் கணுக்கால்.

பிரேக்கை மிதித்தாள்.

இடப்பக்கமிருந்து ஒரு பெரிய கருவேலங்கிளை சுழன்று வந்தது. நேராக அவரிடம். அவர் நகரவில்லை. கிளை நிற்கவில்லை. அவர் நின்ற இடத்தின் வழியாகவே போனது... அந்தப் பக்கம் போய்விட்டது.

அவர் நின்றுகொண்டிருந்தார்.

ரிவர்ஸ். கியர் விழவில்லை. மறுபடி. விழுந்தது. இஞ்சின் இருமியது.

நின்றுவிட்டால்...

ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்தாள்.

"ஏன் போறீக?"

இடது காதுக்குப் பக்கத்தில்.

திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்க நான் மட்டுந்தான் இருக்கேன்..."

சக்கரம் மேட்டில் ஏறியது.

வண்டியைத் திருப்ப இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே போனாள். 5.47க்கு சேதுபதி வீட்டு வாசலில் நின்றாள். அவர் மனைவி பொன்னுத்தாயி துண்டைக் கொடுத்தாள். அன்று ராத்திரி காளீஸ்வரி பிள்ளைகளுக்கு நடுவில்தான் படுத்தாள். விளக்கை அணைக்க விடவில்லை.

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் குறைந்திருந்தது. ஊரோடு போய்ப் பார்த்தார்கள். பாலத்தின் நடுப்பகுதியே இல்லை. இருபதடி நீளத்துக்கு அடித்துக்கொண்டு போயிருந்தது. அந்தப் பள்ளத்தில் ஒரு லோடு வேன் கவிழ்ந்து கிடந்தது. டிரைவர் சீட்டிலிருந்து பாண்டிமுருகன் என்பவரை எடுத்தார்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை. மடித்துவிட்ட பேன்ட். காளீஸ்வரி முகத்தையும் பார்த்தாள். அதே முகம்.

அவர் வேன் தண்ணீரில் இறங்கியது முந்தைய நாள் மத்தியானம் 2.15க்கு. அவர் மனைவி ஈஸ்வரிக்கு நேரம் சரியாகத் தெரியும். அப்போது அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கரையில் உட்கார்ந்திருந்த அவளுடைய கையைக் காளீஸ்வரி பிடித்துக்கொண்டாள்.

"ரோடே தெரியலைன்னாரு. திரும்பி வாங்கன்னேன். இல்ல, நடுவுல ஒரு அம்மா நின்னு கூப்புடுறாக, கணுக்கால் தண்ணிதானாம், போயிருவேன்னாரு... அம்புட்டுத்தான்" என்றாள் ஈஸ்வரி.

மூன்று நாள் தேடினார்கள். பெண் உடல் எதுவும் கிடைக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும், ஒரு பெண்ணைக் காணோம் என்று இதுவரை யாரும் வந்து சொல்லவும் இல்லை.