மாவு அக்காவும் கம்ப்யூட்டர் வேலையும்

எங்கள் எக்ஸ்ரே பிரிவில் அவளை எல்லாரும் மாவு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மலம் கழிக்கும்போது குடல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஓடும் எக்ஸ்ரேயில் பார்க்கும் பரிசோதனைக்கு ஆளைத் தயார் செய்வது அவள்தான். எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் என்ற மருந்தை மாவுபோலக் குழைத்து, ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின்வழியாக உள்ளே ஏற்றுவாள். பிறகு எந்திரத்தோடு பொருத்திய கழிப்பறை நாற்காலியில் உட்காரவைப்பாள். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நானும் டாக்டரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் முக்கவேண்டும். ஊரையே அதட்டும் ஆசாமிகள்கூட அங்கே வாயடைத்துப்போவார்கள்.

அக்காவின் மாமியார் சொந்தக்காரர்களிடம், மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை என்று அளந்துவைத்திருந்தாள். வேலை முடிந்து வந்தவள் குளிக்காமல் அடுப்படியில் கால் வைக்கக்கூடாது. கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும். அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

கடைசியில் அந்த மாமியாருக்கே வயிறு அடைத்துக்கொண்டது. காலையில் கழிப்பறைக்குள் போனால் வீடே கதவைத் தட்டவேண்டும். படம் கிடைத்தால்தான் ஆபரேஷன் தேவையா என்று சொல்லமுடியும் என்று எங்கள் பிரிவுக்கே அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு வந்தாள்.

“இங்க உன்ன விட்டா வேற ஆளே இல்லையா?”

“இருக்காங்க அத்தை. அவங்க கை கொஞ்சம் முரடு. திரும்பிப் படுங்க.”

கிழவி சட்டென்று திரும்பிப் படுத்தாள்.

ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் இறுகிவிட்டாள். டாக்டர் மைக்கில் கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்று விட்டால் மறுபடி முதலிலிருந்து எல்லாம் செய்யவேண்டும். கிழவியின் கண் கலங்கியது. எனக்கே பாவமாகிவிட்டது.

“வேற நர்ஸை அனுப்பட்டுமா?” என்றார் டாக்டர்.

“அவ போனா நானும் எந்திரிச்சுப் போயிடுவேன்” என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா குனிந்து கேட்டாள், “கம்ப்யூட்டர் வேலை எப்படியிருக்கு அத்தை?”

கிழவி முறைத்தாள். உதடு துடித்தது. பொத்துக்கொண்டு சிரித்தாள். வயிறு குலுங்கக் குலுங்க, திரையில் வெள்ளையாக இறங்கியது. நான் அவசர அவசரமாகப் படமெடுத்தேன். டாக்டர் கைதட்டினார், வெட்கங்கெட்ட மனிதர்.

அக்கா கழுவிவிடும்போது கிழவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படத்தைப் பார்த்த டாக்டர், கத்தி வேண்டாம், இடுப்புத் தசைக்குப் பயிற்சி கொடுத்தாலே போதும் என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா வழக்கம்போல வீட்டுக்குள் நுழைந்து நேரே குளியலறைக்குத் திரும்பினாளாம். அடுப்படியிலிருந்து குரல் வந்ததாம்.

“குளியல் கெடக்கட்டும். கையக் கழுவிட்டு வா, டீ ஆறுது.”