ஊசி வரும்வரை

கதிர்காமநாதனை ஜார்ஜ் டவுனில் இரண்டு விஷயங்களுக்காகத் தெரியும். பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் அவர் கணக்கெழுதும் தலைமைக் கிராணி. வீட்டிலோ ஒரு ராக் இசைத்தட்டுக்குப் பூசாரி. பூசாரி என்று பெயர் வைத்தது அவர் மனைவி கமலாம்பிகைதான். "சாமியறைக்குள்ளகூட இவர் இத்தன தடவ கை கழுவ மாட்டார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. தட்டைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஓரத்தை மட்டும்தான் பிடிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு முறை போடுவது. மற்ற நாளில் கேட்க, தட்டிலிருந்து பதிந்துவைத்த கேசட் இருக்கிறது. பாட்டு ஓடும்போது பேச்சு கிடையாது, முறுக்கு கிடையாது. வந்து உட்கார்ந்தவர்கள் பாதிப்பேர் இந்தக் கெடுபிடிக்குப் பயந்தே இரண்டாம் முறை வரவில்லை.

விடாமல் வந்தவர் இஸ்மாயில் ஒருவர்தான். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இரும்புத் தகட்டைத் தட்டித் துருவெடுக்கிற வேலை. உண்மையைச் சொன்னால் அந்தத் தட்டே இஸ்மாயில் கொண்டுவந்ததுதான். எழுபத்து நாலில், பழுதுக்கு நின்ற ஒரு கப்பலின் சமையல்காரர் ஊர் திரும்பும்போது இதை இஸ்மாயில் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் பாதி உடைந்த பாலத்தின் படம். இஸ்மாயில் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இல்லை, கதிர்காமநாதன் வீட்டில் இருந்தது. அப்படித்தான் தட்டு இங்கே தங்கிப்போனது. ஊரில் எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை.

இரண்டாம் பக்கத்தில் பதினான்கு நிமிஷம் ஓடுகிற ஒரே பாட்டு. அதன் நடுவே கிட்டார் சட்டென்று நின்றுவிடும். டிரம் மட்டும் தனியாக நடக்கும். அதைக் கேட்கும்போது இஸ்மாயிலுக்குக் கண் கலங்கிவிடும். கிட்டார் திரும்பி வருகிற இடம்தான் உயிர் என்பது கதிர்காமநாதன் கட்சி. எட்டு வருஷமாக இந்த வழக்கு தீரவில்லை. தீர்த்துக்கொள்ள இருவருக்கும் மனமும் இல்லை.

எண்பத்திரண்டில், சீனப் பெருநாள் கழிந்த வாரம், இஸ்மாயில் நடு வாரத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, இடது காது போயே போச்சு. வலதும் போய்க்கிட்டிருக்காம். மூணு நாலு மாசந்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. பட்டறைச் சத்தம் அப்படி."

கதிர்காமநாதன் அவருடைய வலது பக்கம் வந்து நின்றார். "என்னப்பா சொல்றே!"

"காது இருக்கறப்பவே ரெண்டாம் பக்கத்த ஒரு தடவ கேட்டுடணும்ண்ணே. இப்பவே போடுங்களேன்லா."

அந்த நேரம் பார்த்துப் பிளேயரின் ஊசி தேய்ந்திருந்தது. தேய்ந்த ஊசி தட்டைக் கீறிவிடும் என்பது கதிர்காமநாதனுக்கு வேதவாக்கு. சிங்கப்பூர்க் கடைக்குப் புது ஊசிக்கு எழுதிப் போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"கொஞ்சம் பொறு இஸ்மாயிலு. நல்ல ஊசி வரட்டும், ஜம்முன்னு கேப்போம். உனக்குக் கடைசியா கேக்கறது கரகரன்னா இருக்கணும்? அதுவரைக்கும் கேசட்ட எடுத்துட்டுப் போ."

இஸ்மாயில் கேசட்டை எடுத்துப் போனார். மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்தார். "இதுல டிரம் தண்ணிக்குள்ள அடிக்கற மாதிரி இருக்குண்ணே. தட்டுலதான் எனக்குப் பிரிஞ்சு கேக்கும்."

"ஊசி வந்துடும்பா" என்றார் கதிர்காமநாதன்.

ஏப்ரலில் ஊசி வந்தது. வந்தும் என்ன பிரயோஜனம்! கேட்டது ஒரு ரகம், வந்தது கொஞ்சம் மட்டமான ரகம். பிளேயரில் பொருந்தும், பாடும், எல்லாம் செய்யும். ஆனால் வருஷக்கணக்கில் போட்டால் தட்டின் பள்ளம் சீக்கிரம் தேயும். ஒரே ஒரு தடவைக்கு என்ன ஆகிவிடப் போகிறது? கமலாம்பிகை அதைத்தான் கேட்டாள்.

"அந்த மனுஷன் காதுக்காகத் தவிச்சுக்கிட்டிருக்காரு. நீங்க தட்டுக்காகத் தவிக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?"

"உனக்கு இதெல்லாம் விளங்காது" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பொட்டலத்தைத் திருப்பி அனுப்பினார். பாவி மனுஷன்! தான் இஸ்மாயிலுக்கு நல்லதே செய்வதாகத்தான் அப்போது அவர் நினைத்தார். பிற்காலத்தில் அவரை அதிகம் சுட்டது அந்த நினைப்புதான்.

மே மாதம் ஒருநாள் இஸ்மாயில் வேலை முடிந்து ஃபெரிப் படகில் இக்கரை வந்து, வாசல் கேட்டருகே நின்று வலது காதை வீட்டுப் பக்கம் திருப்பிக் கேட்டார். "வந்திருச்சாண்ணே?" கதிர்காமநாதன் கையை அசைத்து இல்லை என்றார். அதன் பிறகு அவர் வரவில்லை.

சரியான ஊசி ஜூன் கடைசியில் வந்தது. சின்னப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து அழகாக வந்தது. கதிர்காமநாதன் அரைநாள் லீவு போட்டு, கார் எடுத்துப் போய் இஸ்மாயிலை அழைத்து வந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இஸ்மாயில் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் கை கழுவினார்கள். இரண்டாம் பக்கம் சுழன்றது. ஒரு கீறல் இல்லை, ஒரு கரகரப்பு இல்லை. புதிதாக வந்த நாளில்கூட அந்தத் தட்டு அப்படிப் பாடியதில்லை. கிட்டார் நின்றது. டிரம் தனியாக நடந்தது, முடிந்தது, கிட்டார் திரும்பவும் வந்தது. இஸ்மாயில் கதிர்காமநாதனின் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

"அண்ணே, போட்டுட்டீங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

கதிர்காமநாதன் சட்டைப் பைக்குள் கைவிட்டார். ஆபீஸ் பேனாவை எடுத்து, அன்றைய பேப்பரின் ஓரத்தில் எழுதிக் காட்டினார்: 'மன்னிச்சிடு. தட்டு கீறிடும்னு பயந்துட்டேன்.'

இஸ்மாயில் அதை மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"கீறினா என்னண்ணே? அந்தக் கீறலையும் சேத்துக் கேட்டிருப்பேன்லா."

பாட்டு முடிந்து ஊசி தட்டின் நடுவட்டத்தில் கிரக் கிரக்கென்று உரசிக்கொண்டே இருந்தது. கமலாம்பிகை அடுப்படியிலிருந்து வந்து எடுத்து வைக்கும்வரை, கதிர்காமநாதன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.