நட்டுக்கு முன்னால் ஒரு கல்

‘லைன்’ என்பது சுத்தமான தமிழ்ச் சொல் என்றுதான் சிறுவயதில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்மேல் தப்பில்லை. ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. ஒரே நீளக் கூரையைத் தடுத்துத் தடுத்துக் குடித்தனங்களாக்கிய கட்டடம். அப்பா ரயில்வே சிக்னல் கேபினில் வேலை பார்த்தார். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் லைன் கிளியர் பற்றித்தான் பேசுவார். விளக்கு அணைந்தால் லைன் போச்சு. பள்ளிக்கூடத்தில் லைன் போட்ட நோட்டு. மணி அடித்தால் லைனில் நிற்க வேண்டும். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் மாமாவோ, பிள்ளைகள் எவனும் நம்ம லைனுக்கு வரமாட்டேன் என்கிறான் என்று வருத்தப்படுவார்.

ஒரே பெயரில் இத்தனை பேர் எங்கள் தெருவில் இருந்தால் தபால்காரர் வேலையை விட்டிருப்பார். நான் அப்பாவிடம் கேட்டேன்.

“மேல போய் நின்னா செத்துடுவ. அதான் லைனு” என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். “அவங்கவங்க எடத்துல ஒழுங்கா இருக்கறது” என்றாள். இரண்டு விளக்கத்தையும் சேர்த்துப் பார்த்ததில், ஒழுங்காக இருந்தால் செத்துவிடுவோம் போலிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன்.

நரை தட்டிய பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். எல்லாவற்றுக்கும் மூலம் ஆளிச் செடியின் நாராம். நாரைத் திரித்தால் நூல். நூலை இழுத்துக் கட்டினால் நேர்கோடு. அந்தக் கோட்டின்மேலேயே வரிசை, தண்டவாளம், தொழில் எல்லாம் வந்து ஏறிக்கொண்டன. எல்லாம் ஒரு நூலிலிருந்து வந்தது என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால், என் காத்தாடியையும் மாஞ்சா நூலையும் கொஞ்சம் யோசித்துக் கொடுத்திருப்பேன்.

அது முழுப்பரீட்சை லீவு. தெருக்குழாயில் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தண்ணீர் வரும். ஆனால் லைன் மத்தியானமே ஆரம்பித்துவிடும். ஆட்கள் நிற்க மாட்டார்கள்; கற்கள் நிற்கும். பாதிச் செங்கல், ஓட்டை வாளி, டால்டா டப்பா என்று வீட்டுக்கு ஒன்று. எங்கள் வீட்டுக்கு உடைந்த குழவிக்கல். அதை மரியாதையோடு எல்லோரும் அக்காவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் வந்ததும் அவரவர் குடத்தோடு வந்து அவரவர் கல்லின் பக்கத்தில் நிற்க வேண்டும். கையில் குடமில்லாமல் வயசுப்பெண் யாரும் குழாயடியில் நிற்க முடியாது. நின்றால் வீட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள்.

கல் வைப்பது என் வேலை. அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள்.

“அந்த நட்டு கீதுல்ல, அதுக்கு முன்னாடி வை. வேற எங்கியும் வைக்காத.”

நட்டு என்பது துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த பெரிய இரும்பு நட்டு. சிறுவர்களால் சுலபத்தில் நகர்த்த முடியாது. அதன் சொந்தக்காரர் பின்லைனில் இருந்தவர். அவருடைய அம்மாவுக்குக் கால் வீக்கம் என்பதால், மகன் வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு நேரே குழாயடிக்கு வருவார். ஐந்து மணிச் சங்கு ஊதினால்தான் அவருக்கு வேலை முடியும் என்பதால், அவருடைய தம்பி நட்டை எப்போதும் லைனின் நடுவில் வைப்பான். எல்லோரும் முன்னால் போக அடித்துக்கொள்ளும் இடத்தில் நடுவை விரும்பும் நட்டும், அதையே பிடித்துக்கொண்டிருக்கும் எங்கள் குழவியும் எனக்குப் பெரிய குழப்பம்.

அந்த வாரம் குடத்தைத் தூக்கிவிடப் போனபோது நட்டுக்காரரும் அக்காவும் பேசியது காதில் விழுந்தது.

“கப்பல் லைன்ல வேல கெடச்சிடுச்சு. வெள்ளிக்கெழம ரயிலு. பம்பாய் போய் ஏறணும். திரும்பி வர ரெண்டு வருசம் ஆவும்.”

அக்கா குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஒரு வார்த்த சொன்னா அம்மாவ உங்க வூட்டுக்கு அனுப்பறேன். இல்லன்னா இல்ல. நேரா சொல்லிடு.”

“வியாழக்கெழம சொல்றேன்” என்றாள் அக்கா.

கப்பல்கள் கடலில் வரிசையாக, குடத்தோடு நிற்பதை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மற்றது எதுவும் மண்டையில் ஏறவில்லை.

வியாழக்கிழமை காலையில் அம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டாள். “நாலு மணிக்குப் போனா ஆறு மணிக்கு வர்ற. ஊர்ல எவளும் தண்ணி புடிக்கலியா? முன்னாடி கல்லு வைக்கத் துப்பில்ல?” அக்கா அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள். எனக்குத் தாங்கவில்லை. சிக்னல்காரர் மகன் உயிரோடு இருக்கும்போது அவளுடைய வண்டி இப்படிக் காத்துக் கிடப்பதா?

குழாயின் காலடியில் முதல் கல் இட்லிக்கடை அம்மாவுடையது. காவலுக்கு அவருடைய மகன். பேரம் பேசினோம்.

“காத்தாடி மட்டும்னா வேணாம். மாஞ்சாவும் குடு” என்றான்.

“பாதி மாஞ்சா.”

“அப்ப உங்க அக்காவ நடுவுலயே நிக்கச் சொல்லு மாமு.”

முழு மாஞ்சாவும் போயிற்று. கற்கள் இடம் மாறின. குழவிக்கல் லைனின் தலையில் ராஜா மாதிரி உட்கார்ந்தது. நான் பக்கத்தில் மந்திரி மாதிரி உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு அக்கா வந்தாள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். தண்ணீர் பிடிக்க எதற்குப் பூ என்று அப்போதே கேட்டிருக்கலாம். முதலில் நட்டின் பக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு குழவியைப் பார்த்தாள்.

“மொத ஆளு நீதான்” என்றேன்.

பின்னால் நின்றவர்கள், “புடிம்மா, இன்னா யோசனை?” என்றார்கள். பிடித்தாள். குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகிவிடும்? சங்கு ஊத இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நிறைந்த குடத்தோடு அங்கே நிற்பதற்கு அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. நடந்தாள். நான் பாராட்டை எதிர்பார்த்துப் பின்னாலேயே போனேன்.

எங்கள் லைன் முனையில், யாரும் இல்லாத இடத்தில், அவள் நின்றாள். குடத்தைச் சாய்த்து அத்தனை தண்ணீரையும் சாக்கடையில் ஊற்றினாள். நிதானமாக, கடைசிச் சொட்டுவரைக்கும்.

“வூட்ல சொன்னே, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து, லைனின் கடைசியில் போய் நின்றாள்.

அந்தச் சாக்கடையில் ஓடியது என் காத்தாடி.

சங்கு ஊதியது. நட்டுக்காரர் ஓட்டமும் நடையுமாக வந்தார். நட்டுக்கு முன்னால் குழவி இல்லாததைப் பார்த்து அவர் முகம் விழுந்துபோனது. வெறுமனே நின்றார். அப்புறம் லைனின் கோடியைப் பார்த்தார். அவருடைய முறை வர நாலைந்து பேர்தான் பாக்கி. குனிந்து, அந்தக் கனமான நட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

“இன்னா நைனா, வண்டி பின்னால போவுது?” என்றார் இட்லிக்கடை அம்மா.

“தண்ணி இன்னும் கொஞ்சம் தெளியட்டும்னுதான் ஆயா.”

“இவ்ளோ நாளு கலங்கலாத்தானே குடிச்சிக்கினு இருந்தே?”

லைன் முழுவதும் சிரித்தது. எனக்கும் எங்கள் அம்மாவுக்கும் தெரியாத ஏதோ ஒன்று அந்தக் கற்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது போலும்.

நட்டை அக்காவுக்குப் பின்னால் வைத்தார். அவள் திரும்பாமலே ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தைதான் இருக்கும். அவர் தலையை ஆட்டினார். அவர்கள் முறை வருவதற்குள் குழாய் புஸ்ஸென்று காற்றை ஊதிவிட்டு நின்றுவிட்டது. எல்லோரும் குழாயைத் திட்டினார்கள். அவர்கள் இருவர் மட்டும் திட்டவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் அவளிடம் பேசவில்லை. காத்தாடி போனது, தண்ணீரும் போனது, அம்மாவிடம் வாங்கப்போவது வேறு பாக்கி. அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்து, கால் வீங்கிய ஓர் அம்மா வாழைப்பழத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோதும், பழத்தைத் தவிர வேறெதையும் நான் அதோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

என் குழப்பமெல்லாம் அந்தச் சாயங்காலத்தைப் பற்றியதுதான். முன்னே போன அக்காவின் இடுப்பில் இருந்தது காலிக் குடம். அதை ஒரு கையால் அணைத்து, மறுகையால் அதன் வாயைப் பொத்தி, கொஞ்சமும் தளும்பிவிடக் கூடாது என்பதுபோல் அவள் ஏன் அப்படி மெதுவாக நடந்தாள்?