ஆறு ஒடுங்கும் இடம்

கோதுமை மாவும் உப்பும் தண்ணீரில் குழைந்து மெல்லக் காயும்போது ஒரு மணம் வரும். மழையில் நனைந்த பழஞ்சுவரைப்போல, சற்றே புளித்து, நாக்கின் அடியில் கரிக்கும் மணம். எனக்குப் பதினொரு வயதாயிருந்த அந்த வசந்தகாலம் முழுவதும், ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் முன்னறையில் அந்த மணம்தான் நின்றது. அறையின் மூலையில், தொலைக்காட்சிப் பெட்டி வந்த மட்டையை விரித்து, அதன்மேல் நான் நியூயோர்க் மாநிலத்தைச் செய்துகொண்டிருந்தேன்.

ஆறாம் வகுப்பு ஆசிரியை அமெரிக்க மாநிலங்களின் பெயர்களைக் கடதாசித் துண்டுகளில் எழுதி, ஒரு தொப்பிக்குள் போட்டு எங்களை எடுக்கச் சொல்லியிருந்தார். கையில் வந்த மாநிலத்தின் நிலத்தையும் பழைய வரலாற்றையும் படித்து, மாவினால் படம் செய்து, வகுப்பின் முன்னால் பேச வேண்டும். எனக்கு நியூயோர்க் வந்ததும் வானளாவிய கட்டடங்களைத்தான் நினைத்தேன். நூலகத்துப் புத்தகத்தைத் திறந்த பிறகே, அந்த நகரம் மிகப் பெரிய நிலமொன்றின் தென்கிழக்கு முனையில் நகக்கண் அளவுதான் என்பதும், மற்றதெல்லாம் மலையும் காடும் ஏரிகளும் என்பதும் தெரிந்தது. எங்கள் ஒன்ராறியோ ஏரியின் மறுகரையும் அதே மாநிலம்தான். அதன் மேற்கு அந்தத்தில் பஃபலோ என்ற ஊரைக் கண்டதும் என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் அப்போது நாள்தோறும் அடிபட்டது. சின்னமாமா அங்கேதான் இருந்தார்.

சின்னமாமா அம்மாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துச் சனமெல்லாம் ஊரைவிட்டு வெளியேறிய பெரிய இடப்பெயர்வில் தானும் ஒருவராக நடந்து, வன்னியில் கொஞ்சக் காலம், கொழும்பில் கொஞ்சக் காலம் என்று ஒதுங்கி, காசுக்கு ஆட்களை நாடு கடத்தும் "ஏஜென்சிக்காரன்" காட்டிய வழியெல்லாம் அலைந்து அமெரிக்காவில் இறங்கியவர். அங்கே சில மாதம் மறியலில், தடுப்புச் சிறைக்குள், இருந்துவிட்டு, பஃபலோவில் தேவாலயமொன்று அகதிகளுக்காக நடத்திய வீட்டில் வந்து நின்றார். கனடா எல்லையில் விசாரணைக்கு ஒரு திகதி கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னரே அமெரிக்கா பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிடுமோ என்ற பயம் அவரைத் தின்றது. அம்மாவையும் தின்றது. ஞாயிறு மத்தியானங்களில் தொலைபேசி அட்டை வாங்கி எங்களோடு கதைப்பார்.

அந்த நாட்களில் அம்மா அதிகம் பேசுவதில்லை. நான் மாக் கேட்டபோது போத்தலிலிருந்து "அவிச்ச மா"வை அள்ளித் தந்தார். எவ்வளவு தண்ணீர் விட்டும் அது பிடிபடவில்லை. மலைகள் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தன. "உது புட்டுக்குத்தான் சரி, பிள்ளை. பச்சை மாவிலை குழை" என்று சொல்லி, மாதக்கணக்கில் முதல் தடவையாக அம்மா சிரித்தார். பச்சை மா நன்றாக ஒட்டியது. வடகிழக்கில் அடிரொண்டாக் மலைகளைக் குவித்தேன். ஹட்சன் ஆற்றை ஒரு தீக்குச்சியால் கீறி, கடல்வரை இழுத்துவந்தேன். நடுவில் விரல் ஏரிகள் என்று நீளநீளமாகச் சில ஏரிகள் இருந்தன. கடவுள் அந்த நிலத்தில் கைவைத்த அடையாளம் என்று அங்கத்தைய பழைய குடிகள் சொல்வார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. என் விரல்கள் சிறியவையாயிருந்தன. அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து குந்தியிருந்து, ஈர மாவில் விரல்களை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்காமலே, "இதிலை தம்பி எங்கை நிக்கிறான்?" என்று கேட்டார். காட்டினேன்.

அதன் பிறகு ஞாயிறுகளில் அம்மா கதைத்து முடித்ததும் ரிசீவர் எனக்கு வரும். மாமா நிற்கும் மண்ணைப்பற்றி நான் மாமாவுக்குச் சொல்வேன். ஒல்லாந்தர் பீவர் என்ற நீர்விலங்கின் தோலுக்காக ஹட்சன் ஆற்றில் கப்பலோட்டி வந்ததையும், ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து பறித்துப் பெயரை மாற்றியதையும் சொன்னேன். அதற்கெல்லாம் வெகுகாலம் முந்தி, ஒருவரையொருவர் கொன்று களைத்த ஐந்து இனத்தார், ஒரு பைன் மரத்தின் வேரடியில் ஆயுதங்களைப் புதைத்துவிட்டு ஒரே வீட்டார் ஆனதையும், தெற்கே கரோலைனாப் பக்கத்தில் போரில் ஊரிழந்த டஸ்கரோரா இனத்தார் வடக்கே நடந்து வந்தபோது அவர்களை ஆறாவது இனமாகச் சேர்த்துக்கொண்டதையும் சொன்னேன். வீட்டின் கூரை வளையை நீட்டினோம் என்றுதான் அவர்கள் அதைச் சொல்வார்களாம்.

"குஞ்சு குருமானோடையோ நடந்து வந்தவை?" என்று மாமா கேட்டார்.

"ஓம் மாமா. வருசக்கணக்காய் வந்துகொண்டே இருந்தவையாம்."

"இடம் குடுத்தவையே?"

"குடுத்தவை."

"நல்ல சனம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் தொடங்குமுன்பே மாமா என்னைக் கேள்வி கேட்டார்.

"பிள்ளை, உந்த நயாகரா ஆறு பஃபலோப் பக்கத்திலை எந்த இடத்திலை ஒடுக்கம்?"

எனக்கு விடை தெரிந்த கேள்வி. பெருமை பிடிபடவில்லை. "கனடாவுக்கு வாற பாலத்துக்குக் கிட்ட, மாமா. ஈரி ஏரி முடிஞ்சு ஆறு தொடங்கிற இடத்திலை. எதிர்க்கரை வீடுகள் வடிவாத் தெரியுமாம்."

"நடுவிலை தீவு ஏதும் இருக்கோ?"

"ஓம், கொஞ்சம் கீழை பெரிய தீவொண்டு..."

குசினியில் தேங்காய் துருவிய சத்தம் நின்றது. அம்மா வந்து ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினார். "தம்பி, ஏன் உதெல்லாம் கேக்கிறாய்?" என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "ஆர் செல்வம்? உன்ரை அறையிலை இருக்கிறவனோ? ... வள்ளமோ? ஆர் விடுறது?" அவருடைய மற்றக் கை சுவரைப் பிடித்திருந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "ஒடுக்கம் எண்டு சொன்னாயெல்லோ, மிச்சத்தையும் மாமாவுக்கு வாசி" என்று ரிசீவரை நீட்டினார்.

நான் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். ஏரியின் தண்ணீர் முழுவதும் அந்த ஒடுங்கிய வாய்க்குள்ளால்தான் நெருக்கிப் போகிறது. அகலமான இடத்தில் ஆறு ஆறுதலாக ஓடும். ஒடுங்கிய இடத்தில்தான் இழுவை. வசந்தத்திலும் ஏரியிலிருந்து பனிக்கட்டி மிதந்து வரும். ஆறு போய்ச் சேருவது பெரிய நீர்வீழ்ச்சிக்கு. படிக்கப் படிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது. அம்மாவின் முகத்தைப் பார்த்து, இது பள்ளிப் பாடம் இல்லை என்பது எனக்கும் விளங்கிவிட்டது.

அம்மா மறுபடி வாங்கினார். "கேட்டியே? ஆழம் அறியாமல் காலை விடாதை. ஊரிலை அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது? திகதி வரும். பாலத்தாலை வா, தம்பி. அந்தப் பிள்ளைக்கும் சொல்லு." கடைசியாக, "சத்தியமோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

மாமா சத்தியத்தைக் காத்தார். திகதி வந்தது. அப்பாவுக்கு மார்க்கம் நகரத்துத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பரமு அங்கிளின் வான் வண்டியில் அம்மாவும் நானும் எல்லைக்குப் போனோம். பின்னேரம்வரை காத்திருந்தோம். ஒரு சிறிய பையோடு, தனக்கு அளவில்லாத கோட்டுக்குள் மாமா வந்தார். அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் அழவில்லை. வான் ரொறன்ரோப் பக்கம் திரும்பிக் கனதூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"செல்வம் போட்டான், அக்கா."

"எங்கை?"

"ஆத்தாலை. போகாதை எண்டு சொன்னனான். பிள்ளை சொன்னதெல்லாம் சொன்னனான். தனக்குத் திகதி குடுக்கேல்லை, தான் என்ன செய்யிறது எண்டு கேட்டான். உங்கடை நம்பரைக் குடுத்தனான். கரை சேந்த உடனை எடுக்கிறனெண்டவன்."

எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு அழைப்பும் வந்திருக்கவில்லை.

அந்தக் கோடை முழுவதும் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் மாமா சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்புவார். செல்வம் வேறு வழியால் வந்து மொன்றியலில் இருக்கக்கூடும் என்றார் ஒருவர். பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டிருப்பான் என்றார் இன்னொருவர். மாமா பஃபலோ வீட்டுக்கு எடுத்து விசாரித்தார். அங்கே அவனுக்கு வேறு பெயர். வந்த பாஸ்போட்டில் இன்னொரு பெயர். செல்வம் என்பதாவது தாய் தகப்பன் வைத்த பெயரா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வவுனியாப் பக்கம் என்பதற்கு மேல் ஊர் விலாசமும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றப் போய், தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தப் பேருக்கு ஏத்திறது?" என்று கேட்டார். பிறகு, உயிரோடிருப்பவனுக்கு ஏற்றக் கூடாது என்று சொல்லிப் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டார்.

கோடை விடுமுறை தொடங்குமுன் வகுப்பில் நான் நன்றாகத்தான் பேசினேன். அந்த ஆற்றைத் தப்பிக் கடந்தவர்களைப்பற்றிச் சொன்னேன்: அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஆங்கில அரசன் பக்கம் நின்று தோற்றவர்களையும், அவர்களோடு நிலமிழந்து வடக்கே வந்த ஆறினத்தாரில் பலரையும், பிறகு அடிமைத்தளையிலிருந்து ஓடிவந்த கறுப்பின மக்களையும். ஆசிரியை பாராட்டினார். செல்வத்தைப்பற்றி நான் சொல்லவில்லை. அவன் எந்தக் கரையில் நின்றான் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் ஊரிலிருந்து ஆள் வந்தால் முதலில் நயாகராவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். சின்னமாமாவும் கார் ஓடிக்கொண்டு வருவார். எல்லோரும் வேலியடியில் நின்று படம் எடுக்க, அவர் காருக்குள்ளேயே இருப்பார். தண்ணீர்ச் சத்தம் தலையிடி தருகிறது என்பார்.

இப்போது அந்த வழியும் இல்லை. இரு நாடுகளும் ஒப்பந்தம் எழுதி, பாலத்தால் வருகிறவர்களில் அநேகரைத் திருப்பி அனுப்புகின்றன. பஃபலோவில் மாமா இருந்த தெருவில் அந்த வீடு நின்ற இடம் வெறும் புல். அம்மா மட்டும் மோர்னிங்சைட்டைவிட்டு அசையவில்லை. மார்க்கத்தில் வீடு வாங்க அப்பா இரண்டு தடவை ஆயத்தப்பட்டபோதும், இங்கே பஸ் வசதி என்று சொல்லி மறுத்தார். அங்கே போனால் தொலைபேசி நம்பர் மாறிவிடும் என்பதை அவர் சொன்னதேயில்லை.

அப்பா காலமாகி, அம்மாவுக்கும் முழங்கால் ஏலாமல் போனபின், சென்ற இளவேனிலில் அவரை விட்பி நகரிலுள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கடைசி நாள் சாமான்களை ஏற்றிவிட்டு, வெறும் முன்னறையில் தனியாக நின்று கூட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மறுநாள் வெட்டவிருந்த இணைப்பு அது. எடுத்தேன். சின்னமாமா.

"என்ன மாமா?"

"ஒண்டுமில்லை, பிள்ளை," என்றார். "இன்னும் அடிக்குதோ எண்டு பாத்தனான்."