சிவப்பு மைக்குக் கீழே பென்சில்

கேசட்டைக் குழந்தைசாமி முதலில் கண்ணால்தான் கேட்பார். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நாடா ஒழுங்காகச் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பார். பல்சக்கர ஓட்டையில் சுண்டுவிரலை நுழைத்து அரைச் சுற்று சுற்றுவார். பிறகு டேப்ரெக்கார்டரில் போட்டு, முதல் தடவை நின்றுகொண்டு, இரண்டாம் தடவை உட்கார்ந்துகொண்டு, மூன்றாம் தடவை சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டு கேட்பார். "நிக்கறப்ப குத்தம் தெரியும், உக்காந்தா காரணம் தெரியும், படுத்தாத்தான் தீர்ப்பு வரும்" என்பது அவர் கண்ட உண்மை. நான்காம் தடவைக்கு மனைவி ஈவ்லின் வந்து டேப்பை அணைத்துவிடுவார்.

தீர்ப்பு மூன்றே வகை: ஓகே, ரீவொர்க், ஸ்கிராப். மைசூரில் மேட்டகள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக இரும்பு உருப்படிகளை அளந்து இதே மூன்று சொற்களைச் சொல்லிவருகிற இன்ஸ்பெக்டர் அவர். அளவுக் கருவிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்காத தொழிலாளியை அவர் மன்னித்ததாகச் சரித்திரம் இல்லை. இரும்பிடமே இத்தனை கண்டிப்பு காட்டுகிறவர் இசையிடம் ஏன் இளக வேண்டும்?

இளகவில்லை. தொண்ணூற்றிரண்டில் கேபிள் டி.வி. வந்த கையோடு, தலை வாராத, சட்டையை உள்ளே விடாத ஒரு புதுமாதிரி இசையும் ஊருக்குள் வந்தது. ஆல்டர்னேடிவ் என்றார்கள். மண்டி மொஹல்லாவில் கேசட்டை வாடகைக்குக் கொடுக்கும் பசவராஜ் அதையும் வாங்கி அடுக்கினார். கொண்டுபோனவர்கள் மறுநாளே நெற்றியைத் தேய்த்தபடி திரும்பி வந்தார்கள். எது நல்லது, எது தலைவலி என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. பசவராஜ் ஒவ்வொரு கேசட் டப்பாவுக்குள்ளும் ஒரு வெள்ளைச் சீட்டை மடித்து வைத்தார். குழந்தைசாமி தம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

சீட்டில் எழுதுவது ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இரண்டாம் பாட்டில் கிதார் நொண்டுகிறது. ஸ்கிராப்." "குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, யாராவது கயிறு போடவும். ரீவொர்க்." ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே கடைக்கு வந்து, வாசலில் தொங்கும் சிலேட்டில் 'இந்த வார ஆல்பம்' எதுவென்று தம் கையாலேயே எழுதுவார். நான்கு வருடத்தில் அந்த சாக்பீஸை வேறு யாரும் தொட்டதில்லை. தொழிற்சாலையில் அவருக்குப் பதவி உயர்வு வராமல் போனது, சர்ச் பாடகர் குழுவில் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பியது எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றரை அடிச் சிலேட்டில்தான் நியாயம் கிடைத்துவந்தது.

இரண்டு வருடமாக அவரிடம் ஒரு கொள்கையும் இருக்கிறது. புது இசையின் உயிர்நாடி களைப்பு. "இந்தப் பசங்க சோகமாப் பாடலைய்யா, சோர்ந்துபோயி பாடறாங்க. தாளத்த இழுக்கறான் பாருங்க, அதுல ஒரு தலைமுறையோட அலுப்பு இருக்கு" என்று கடைவாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி வைத்துக்கொண்டு விளக்குவார். கல்லூரி மாணவர்கள் தலையாட்டிவிட்டு, தனியாகக் கேட்டுப் பார்க்கும்போது தங்களுக்கு மட்டும் அலுப்பு தட்டுப்படவில்லையே என்று கவலைப்படுவார்கள்.

போன மழைக்காலத்தில்தான் சிவப்பு மைக்குக் கீழே முதல்முறையாகப் பென்சில் எழுத்து தெரிந்தது. சின்ன எழுத்து, இரண்டே வரி. "மூன்றாவது பாட்டு, மழையில் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் படுத்துவது மாதிரி. ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது அவ்வளவு சந்தோஷம்." கீழே ஜேன் என்று பெயர்.

"யாரு இது?" என்றார் குழந்தைசாமி.

"ஆஸ்பத்திரில சிஸ்டர் சார். உங்க ஆளுங்கதான், தமிழ். டூட்டிக்குப் போறப்ப வாக்மேன்ல கேட்டுட்டே போவாங்க" என்றார் பசவராஜ். "சென்னாகி எழுதறாங்க அல்லவா?"

நன்றாகத்தான் எழுதியிருந்தது. அதுதான் தொந்தரவு. மழையில் ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரைப் பதினாறு வருடமாக வைத்திருப்பவர் குழந்தைசாமி. அந்த உவமை நியாயப்படி அவருக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். மறுநாள் தொழிற்சாலை கேண்டீனில் அதைத் தாமே சொன்னதுபோல் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் கடையில் ஓரமாக நின்று, டப்பாவைத் திறப்பவர்களின் கண்ணைக் கவனிக்கும் வழக்கம் வந்தது. கண்கள் சிவப்பு வரிகள் மேல் ஓட்டமாக ஓடின. பென்சில் வரியில் வந்து நின்றன. சில உதடுகள் புன்னகைத்தன. பென்சிலில் எழுதுகிறவள் தன் கருத்தில் உறுதியில்லாதவள் என்று பசவராஜிடம் எடுத்துச் சொன்னார். ஒருநாள் சட்டைப் பையில் ரப்பரே கொண்டுபோனார். ஆனால் அவர் நேர்மையான மனிதர். ஒரே ஒரு காற்புள்ளியை மட்டும் அழித்துவிட்டு வந்தார்.

"ஏங்க, இன்னைக்கு அந்தப் பொண்ணு என்ன எழுதிச்சு?" என்று ஈவ்லின் கதவைத் திறக்கும்போதே கேட்பார்.

"எந்தப் பொண்ணு?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தா, ரொம்ப நல்லாவே எழுதியிருக்கும்போல."

விவகாரம் முற்றியது, 'டின் ரூஃப் அங்கிள்ஸ்' என்ற பெங்களூர்க் குழுவின் கேசட்டில். அட்டையில் நனைந்த குடை ஒன்றின் படம். யார் பாடுகிறார்கள் என்று போடவில்லை. பாட்டுகளின் நீளத்தை மட்டும் நிமிடம், நொடியோடு போட்டிருந்தார்கள். குழந்தைசாமி மூன்று நிலையிலும் கேட்டுவிட்டு எழுதினார்: "பாடகன் நல்ல ஆண்குரல்காரன். ஆனால் காலையில் எழும்போதே களைத்திருக்கிறான். டிரம்ஸ்காரர் அவனுக்காகக் காத்திருக்கிறார். ரீவொர்க்."

அடுத்த வாரம் கீழே பென்சில்: "பாடுவது அவன் இல்லை, அவள். அவளுக்கு எங்கேயோ போக அவசரம். அந்த அவசரம்தான் அழகு."

கடையே இரண்டு கட்சியானது. பசவராஜ் தலையைச் சொறிந்தார். "நோடி சார், இங்க பாருங்க, பேஜார் பண்ணிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை அந்த சிஸ்டரையும் வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்குங்க. யாரு கேட்டது சரியோ, இனிமே அவங்களே சிலேட்ல எழுதட்டும்."

சனிக்கிழமை மத்தியானம் குழந்தைசாமி தொழிற்சாலை ஸ்டாப்வாட்ச்சோடு டேப்ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தார். அட்டையில் முதல் பாட்டு நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி. அவர் வீட்டில் அது நாலு நிமிடம் நாற்பத்தேழு நொடி ஓடியது. மறுபடி வைத்தார். நாற்பத்தேழு. ஸ்டாப்வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் முறையும் வைத்தார். ஸ்குரூ டிரைவர் எடுத்துப் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே ரப்பர் பெல்ட், துவைத்துத் துவைத்துத் தொளதொளத்த பாவாடை நாடாவைப் போலச் சக்கரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் எத்தனை தடவை சொன்னேன்?" என்றார் ஈவ்லின், அடுக்களை வாசலிலிருந்து. "நம்ம டேப்புல கிறிஸ்மஸ் பாட்டப் போட்டா பெரிய வெள்ளி மாதிரி கேக்குதுன்னு. சவுண்ட் இன்ஜினியரிங்குன்னீங்க."

குழந்தைசாமி பெல்ட்டைச் சுண்டுவிரலால் தூக்கிப் பார்த்தார். பெல்ட்டை மாற்றப் பத்து நிமிடம் போதும். ஆனால் மாற்றிவிட்டால், ஒரு தலைமுறையின் அலுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? பெங்களூரிலும் சமுத்திரத்துக்கு அப்பாலும் இருக்கிற அத்தனை இளைஞர்களும் நன்றாகத் தூங்கி எழுந்து, பல் துலக்கி, சுறுசுறுப்பாகப் பாடியிருக்கிறார்கள். களைத்திருந்தது மண்டி மொஹல்லாவில் வாங்கிய ஒரு ரப்பர் வளையம். பின்பக்கத்தை மூடி, நான்கு ஸ்குரூவையும் முன்பைவிட இறுக்கமாக முடுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஜேன் டூட்டிக்குப் போகும் வெள்ளைச் சேலையிலேயே வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். சண்டைக்கு ஆயத்தமாக வந்த குழந்தைசாமிக்கு அவள் கும்பிட்டது முதல் அடி.

"அங்கிள், ஒங்க சீட்டெல்லாம் படிச்சுத்தான் நான் இதெல்லாம் கேக்கவே ஆரம்பிச்சேன். ஆனா நீங்க எழுதற அந்தக் களைப்பு இருக்கில்ல, அது எனக்கு ஒருநாளும் கேட்டதேயில்ல. ரொம்ப ஏக்கமா இருக்கும் அங்கிள், எனக்கு மட்டும் ஏன் கேக்கலைன்னு." அவர் கொண்டுவந்திருந்த கேசட்டை வாக்மேனில் போட்டு நீட்டினாள். "அந்தப் பொண்ணு பாடறதுகூட எனக்குத் தப்பாக் கேட்டிருக்கலாம். இது செகண்ட் ஹாண்ட். ஒருவேளை ஸ்பீடா ஓடுதோ? நீங்கதான் அளக்கறவராமே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

பசவராஜ் சாக்பீஸைக் குழந்தைசாமியின் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். வாசலில் நின்ற நாலைந்து பேரும் கிட்டே நகர்ந்து வந்தார்கள்.

ஆமாம், ஸ்பீடுதான் என்று சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள். நம்புவதற்கென்றே வந்திருக்கிறாள். குழந்தைசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, மரியாதைக்காக ஒரு நிமிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று ஹெட்போனை மாட்டினார்.

பாடியது பெண்தான். மெதுவாக ஓடிய டேப்தான் அந்தக் குரலைத் தடிக்கவைத்து ஆணாக்கியிருந்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள்போல, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே, டிரம்ஸ்காரரை இழுத்துக்கொண்டு பாடினாள். கைக்கடிகாரப்படி நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. குழந்தைசாமி அதை நின்றபடியேதான் கேட்டார். அவரையறியாமல் கால் தாளம் போட்டது.

"ஸ்பீடா அங்கிள்?" ஜேன் சத்தமாகக் கேட்டாள்.

அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். சாக்பீஸை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கப் பிடித்தாள்; அவர் விடவில்லை. கொஞ்சம் இழுத்தாள், அவர் கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தார். சாக்பீஸ் உடைந்தது. சின்னத் துண்டோடு அவள் சிலேட்டுப் பக்கம் போனாள். பெரிய துண்டைக் குழந்தைசாமி தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளுடைய வாக்மேனைத் திறந்து கேசட்டை மறுபக்கம் திருப்பினார்.