பெடியள் என்றால் பையன்கள்

என் அகதி வழக்கைக் கெடுத்தது ஓர் இத்தாலியப் படம் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். நானே கெடுத்தேன் என்பதைவிட அது கேட்க நன்றாயிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அகதியாய் வந்து சேர்ந்த ஓஸ்டர்முண்டிகன் நகரில் ஓர் அறையில் நானும் மன்னாரைச் சேர்ந்த ஓர் அண்ணையும் இருந்தோம். விசாரணைக்கு முதல்நாள் பின்னேரம், என் நடுக்கம் தாங்காமல் அண்ணை தொலைக்காட்சியைப் போட்டார். மாஃபியாப் படம். இருவருக்கும் இத்தாலியன் தெரியாது, கொலை விளங்கியது. ஒருவன் நீதிபதியிடம் பெயர்களைச் சொல்கிறான். பக்கத்தில் குனிந்து எழுதும் குமாஸ்தா மாஃபியாவின் ஆள். அடுத்த காட்சியில், சொன்னவன் மீன்கடை ஐஸ்கட்டிக்குள் கிடக்கிறான்.

“பாத்தியோ, வாயாலை கெட்டான்.”

“நாளைக்கு எனக்குப் பக்கத்திலை ஆர் அண்ணை இருப்பினம்?”

“மொழிபெயர்ப்பாளர். தமிழ் ஆள்தான்.”

“அப்ப ஐஸ் வாங்கி வையுங்கோ.”

மறுநாள் வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். “பயப்படாம பேசுங்க சார்” என்றார். கொலைகாரன் இப்படித்தான் தொடங்குவான் என்றது என் வயிறு.

யார் மிரட்டியது என்று அதிகாரி கேட்டார். ஊரில் ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் பெயர் தொண்டைவரை வந்து, திரும்பி உள்ளே ஓடிவிட்டது.

“பெடியள்” என்றேன்.

“பெடியள்னா?”

“பெடியள்தான்.”

துவக்கோடு திரிகிறவர்களுக்கு எங்களூரில் அதுதான் பேர். அந்தச் சொல்லுக்குக் கிழவரும் குரலைத் தாழ்த்துவார். மொழிபெயர்ப்பாளரோ வாக்குமூலத்தை வாசித்துக் காட்டும்போது “பையன்கள்” என்றார். திருத்தலாம். திருத்தினால் பெயர் கேட்பார்கள். கையெழுத்து வைத்தேன்.

சில மாதங்களில் கடிதம் வந்தது. அண்ணை அகராதியோடு மல்லுக்கட்டி வாசித்தார். அயல் சிறுவர்களின் தொல்லை அகதி நிலைக்குக் காரணமாகாது. அவர்களின் பெற்றோரிடம் முறையிட்டிருக்கலாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“சிரிக்காதை. திருப்பி அனுப்பப் போறாங்கள். அப்பீல் எழுதுவம். இப்பவாவது பேரைச் சொல்லடா.”

சொன்னால் நான் இங்கே தப்பலாம். ஆனால் அந்தத் தாளையும் ஒரு தமிழர்தான் மொழிபெயர்ப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம், பெடியளின் ஆளாகவும் இருக்கலாம். என் மனைவி ஊரில் பெடியளின் காவலரணைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போகிறாள். சொல்லாவிட்டால் நானும் அதே காவலரணடியில் போய் இறங்குவேன். பகிடி விட்டுச் சிரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அண்ணை பேனாவை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். இருட்டும்வரை இருந்தேன். தாளில் என் பெயர் மட்டும்தான் இருந்தது.